பலகைக்கு வெளியே எழுதப்படும் விதிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



விளையாட்டின் சமூக வரலாறு பற்றி ஏதேனும் ஒன்றை எடுத்துப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். போட்டிச் சதுரங்கத்தில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஓட்டப்பந்தயத்திலும் குத்துச்சண்டையிலும் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதற்கு உடலைக் காரணம் காட்டலாம். சதுரங்கத்தில் அந்தக் காரணத்துக்கு இடமே இல்லை. அறுபத்து நான்கு கட்டம், ஆளுக்குப் பதினாறு காய், நடுவில் ஒரு கடிகாரம். அப்படியிருந்தும் ஒரு பெண் இரண்டாம் இடத்தில் வைக்கப்படுகிறாள் என்றால், வைத்தவர் யார், எந்த ஆண்டில், எந்தத் தீர்மானத்தின் பெயரால் என்று தேடிப்போக முடியும். தேடினால் பெரும்பாலும் கிடைத்தும் விடுகிறது.

இந்தப் பொருளை எந்த மேடையில் எடுத்தாலும், ஆணுக்கு நிகராகப் பெண் ஆட முடியுமா என்ற கேள்வியிலேயே பேச்சு போய் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியை இன்று நான் நடுவில் வைக்கப் போவதில்லை. என் வாதம் இதுதான்: சதுரங்கத்தில் பெண்ணுக்குக் கிடைக்கும் மரியாதையைத் தீர்மானிப்பவை, போட்டி நடத்துபவர் அச்சிடும் பிராஸ்பெக்டஸ், கூட்டமைப்பு போடும் தீர்மானம், அரங்கில் நடுவர் நடந்துகொள்ளும் முறை ஆகிய மூன்றும்தான். சமமின்மை அங்கே எழுதப்பட்டது. சமத்துவம் வந்த இடங்களிலும் எழுதித்தான் வந்தது. வெறும் நல்லெண்ணத்தால் அது வந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுகூட என் படிப்பில் எனக்குக் கிடைக்கவில்லை.

1. உள்ளே வரும் உரிமை

நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். மும்பையில் ‘நவாகாள்’ என்ற மராத்தி நாளிதழின் ஆசிரியர் நீலகண்ட காடில்கருக்கு வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்று மூன்று மகள்கள். மூவரும் சதுரங்கம் ஆடினார்கள். 1974இல் பெண்களுக்கான தேசியப் போட்டி முதன்முதலாக நடந்தபோது வாசந்தி பட்டம் வென்றார். அதற்குப் பின் பத்தாண்டுக் காலம் அந்தப் பட்டம் அநேகமாக அந்த வீட்டிலேயே இருந்தது. இளையவர் ரோகிணி மட்டும் ஐந்து முறை வென்றார்.

1976இல் ரோகிணிக்கு 13 வயது. அந்த வயதில் அவர் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆட வந்தார். எதிர்ப்புக் கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே ரோகிணியின் பக்கம் வென்றது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அப்போதைய தலைவர் மாக்ஸ் ஈவே, தேசியப் போட்டிகளிலும் பன்னாட்டுப் போட்டிகளிலும் பெண் என்பதற்காக யாரையும் விலக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இன்று நம் ஊர்ப் பெண் பிள்ளைகள், இருபாலரும் ஆடக்கூடிய ‘ஓபன்’ பிரிவில் இயல்பாகப் பெயர் கொடுக்கிறார்களே, அந்த இயல்பு ஒரு பதின்மூன்று வயதுப் பெண் நீதிமன்றம் வரை போய்ப் பெற்றுத் தந்தது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்தி இது.

அந்த ஈவே யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1935இல் அலெகைனை வென்று உலகப் பட்டம் பெற்றவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வேரா மென்சிக்கிடம் தோற்றவர். மாஸ்கோவில் பிறந்து, 1921இல் இங்கிலாந்துக்கு வந்து, ஹேஸ்டிங்ஸில் ஆட்டம் பழகியவர் மென்சிக். 1927இல் முதல் பெண்கள் உலகச் சாம்பியன் ஆனார். 1944இல் லண்டனில் வீட்டின்மேல் ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்து இறக்கும்வரை அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை.

1929இல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு மென்சிக் அழைக்கப்பட்டபோது வியன்னாவின் ஆல்பர்ட் பெக்கர் ஒரு கேலி செய்தார். இவரிடம் தோற்பவர்களை எல்லாம் ‘வேரா மென்சிக் கிளப்’பில் உறுப்பினராகச் சேர்ப்போம் என்றார். முதல் உறுப்பினர் அவரேதான். அந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் போட்டியில் மென்சிக் 22 பேரில் கடைசியாக வந்தார் என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். நான் சொல்லவே விரும்புகிறேன். உலகின் மிகக் கடினமான போட்டிகளில் ஒன்றில் கடைசியாக வருவதற்கும் ஒருவருக்கு வாய்ப்பு வேண்டும். அங்கே உட்கார்ந்து தோற்றுத் தோற்றுத்தான், பின்னாளில் ஈவேயையும் ரெஷெவ்ஸ்கியையும் சுல்தான் கானையும் வெல்லும் பலம் அவருக்கு வந்தது. பல ஆண்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள். பெண்களுக்கு அந்தத் தோல்விகள்கூட எளிதில் வாய்க்கவில்லை.

சுல்தான் கான் பெயரைச் சொன்னதால் இன்னொருவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற சர் உமர் ஹயாத் கானின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் பாத்திமா. 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டத்தை அவர் வென்றார். பிறகு அந்த வீட்டாரோடு இந்தியா திரும்பினார். போட்டிச் சதுரங்கத்தில் அவர் பெயர் மறுபடி வரவேயில்லை. திறமை இருந்தது, பட்டமும் இருந்தது. அடுத்த போட்டிக்குப் போவது அவர் கையில் இல்லை.

2. ஆடியதை ஆடவில்லை என்பது

ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலி 1962 முதல் 1978 வரை பெண்கள் உலகச் சாம்பியனாக இருந்தவர். 1977இல் அமெரிக்காவின் லோன் பைன் போட்டியில், சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த களத்தில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 2020இல் உலகமே பார்த்த ‘தி குவீன்ஸ் கேம்பிட்’ தொடரின் கடைசிப் பகுதியில், அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று பொருள்படும் ஒரு வசனம் வந்தது. கதை நடக்கும் 1968ஆம் ஆண்டுக்குள் அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்களோடு ஆடியிருந்தார். அவர்களில் கிராண்ட்மாஸ்டர்களும் உண்டு.

அவர் பொறுத்துக்கொண்டு போகவில்லை. 2021இல், எண்பது வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். 2022இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொடரின் நாயகியான ஒரு கற்பனைப் பெண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பை ஒரு வரியில் அழித்துவிட்டார்கள். பெண்களைப் போற்றும் நோக்கத்தோடு எடுக்கப்பட்ட கதையிலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நம் பழக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். வைஷாலி ரமேஷ்பாபு கிராண்ட்மாஸ்டர். பெண்கள் கிராண்ட் சுவிஸ் போட்டியை 2023இலும் 2025இலும் வென்றவர். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸில் (உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில்) தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்று, பிறகு கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக வென்றவர். அப்படி ஒரு மீட்சியைச் சதுரங்க வரலாற்றில் அடிக்கடி பார்க்க முடியாது. அந்த வீட்டில் முதலில் ஆட்டம் பழகியவரும் அவர்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி ஆட வந்தார். ஆனாலும் நம் தலைப்புச் செய்திகளில் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்ற அடைமொழி இன்னும் வருகிறது. பாசத்தோடு எழுதுகிறார்கள், எனக்குத் தெரியும். பெயரை எழுதிவிட்டுப் பாசத்தைக் காட்டலாம்.

3. நூறு புள்ளிகள்

1986 நவம்பரில் துபாயில் கூடிய ஃபிடே ஒரு முடிவெடுத்தது. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் ஆட்டப் பலத்தைக் காட்டும் அவர்களுடைய ரேட்டிங் புள்ளி குறைவாக நிற்கிறது, எனவே எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டலாம் என்றது. ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை. அவர் ஹங்கேரியின் சூசன் போல்கர். ஆண்களோடு ஆடியே ரேட்டிங் சேர்த்தவர் என்பதால் அவருக்கு அது தேவையில்லை என்றார்கள். 1987 ஜனவரிப் பட்டியலில் அவர் முதலிடத்தை இழந்தார். ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இழந்தார். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே ஆடியதற்கான தண்டனையாகவே அதை நான் படிக்கிறேன்.

சூசன் 1991இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டின் இறுதியில் தங்கை ஜூடித் 15 வயதில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து அந்தப் பட்டத்தைப் பெற்றார். பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஜூடித் ஒருமுறையும் போட்டியிடவில்லை. 2735 ரேட்டிங் வரை ஏறி, உலகின் எட்டாவது இடத்தைத் தொட்டார். நம் கோனேரு ஹம்பி 2002இல் ஜூடித்தையும்விடச் சிறிய வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இங்கே பட்டங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராண்ட்மாஸ்டருக்கு 2500 ரேட்டிங் வேண்டும், இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400. ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்துக்கு 2300 போதும். பெயரில் கிராண்ட்மாஸ்டர் இருக்கிறது, அளவு இன்டர்நேஷனல் மாஸ்டருக்கும் கீழே. அந்தப் பட்டத்துக்காக உழைத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. 2001இல் சென்னையின் சு. விஜயலட்சுமி இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது நம் ஊரில் எத்தனை வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் செஸ் போர்டு வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் வழி காட்டுவதற்காக வைத்த பலகை, போதும் நில் என்று சொல்லும் பலகையாக மாறிவிடுகிறது. பெண்களுக்கான போட்டிகள் தொடரட்டும். ஆட்டத்தை நம்பிப் பிழைக்க அவை வழி செய்கின்றன, சிறுமிகளுக்குத் தோழிகளைத் தருகின்றன. தாழ்ந்த அளவுகோல் கொண்ட தனிப் பட்டங்களுக்கு மட்டும் ஒரு முடிவுத் தேதி குறிக்க வேண்டும். இந்த அவையில் பலர் உடன்பட மாட்டீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

4. எண்ணிக்கை

உலகில் இதுவரை 2,000க்கும் மேற்பட்டோர் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் ஐம்பதைத் தொடவில்லை. இந்தியாவில் ஹம்பி, ஹரிகா, வைஷாலி, 2025 ஜூலையில் சேர்ந்த திவ்யா தேஷ்முக் என்று நால்வர். இதைக் காட்டி, பார்த்தீர்களா என்பவர்கள் உண்டு.

ஜெர்மன் கூட்டமைப்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை மெரிம் பிலாலிச் முதலானோர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அங்கே பதினாறு ஆண்களுக்கு ஒரு பெண். அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்தும் இவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்தும் முதல் நூறு பேரை எடுத்து ஒப்பிட்டால், எண்ணிக்கை வேறுபாடு ஒன்றே இடைவெளியின் மிகப் பெரும் பகுதியை விளக்கிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆண் எதிரே இருக்கிறார் என்று தெரிந்தால் பெண்கள் தளர்ந்து ஆடுவதாக ஓர் இத்தாலிய ஆய்வு 2008இல் சொன்னது. உண்மையான போட்டி ஆட்டங்களை எடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு நேர்மாறாக, ஆண்களோடு ஆடும்போது பெண்கள் ரேட்டிங்குக்குச் சற்று மேலாகவே ஆடுவதாகச் சொன்னது. ஆகவே பெண்களின் மனத்தைப் பற்றி யாரும் உறுதியாகப் பேசும் நிலை இல்லை. அரங்குக்குள் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பதினைந்து வயதில் எத்தனை பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதும் எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் தெரியும். பேச்சை அங்கே கொண்டுவருவோம்.

5. உடையும் கேமராவும் புகாரும்

2017இல் பெண்கள் உலகப் பட்டப் போட்டி தெஹ்ரானில் நடந்தது. ஆட வந்த பெண்கள் அனைவரும் தலையை மூட வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கச் சாம்பியன் நாஸி பைகிட்ஸே போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டிகள் ரியாத்தில் நடந்தன. இரண்டிலும் நடப்புச் சாம்பியனாக இருந்தவர் உக்ரைனின் அன்னா முஸிசுக். அங்கே போக மறுத்தார், இரண்டு பட்டங்களும் கையை விட்டுப் போயின. 2018இல் இரானின் ஹமதானில் நடந்த ஆசியப் போட்டியிலிருந்து நம் சௌமியா சுவாமிநாதன் விலகினார். 2022 டிசம்பரில் இரானின் சாரா காதெம் தலையை மூடாமல் அல்மாட்டியில் ஆடினார். நாடு திரும்ப முடியாமல் ஸ்பெயினில் குடியேறினார். மூடிக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு அந்த உரிமை இருக்கிறது. கட்டாயத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பெண்களுக்கான போட்டியைப் பெண்கள் நிபந்தனையோடு மட்டுமே நுழையக்கூடிய ஊருக்குக் கொடுத்தது ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு. வேறு முடிவும் எடுத்திருக்கலாம்.

2024 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் ஆடிய திவ்யா தேஷ்முக்குக்கு 18 வயது. போட்டி முடிந்தபின் அவர் எழுதியதைப் படித்திருப்பீர்கள். தன் ஆட்டத்தை விட்டுவிட்டு உடையையும் கூந்தலையும் பேச்சுத் தொனியையுமே பார்வையாளர்கள் பேசினார்கள் என்று மனம் வருந்தி எழுதினார். முந்தைய ஆண்டுதான் பிரான்சின் பெண் ஆட்டக்காரர்கள், சதுரங்க உலகில் தாங்கள் சந்தித்த பாலியல் சீண்டல்களையும் அத்துமீறல்களையும் வெளிப்படையான கடிதமாக எழுதினார்கள். சிலர் தொடங்கிய கடிதத்தில் பலர் கையெழுத்திட்டார்கள்.

அவர்கள் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறவர்களுக்கு 1994இல் ஸ்பெயினின் லினாரெஸில் நடந்த போட்டியைச் சொல்கிறேன். ஜூடித் போல்கருக்கு 17 வயது. அவ்வளவு பெரிய போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டது அதுவே முதல்முறை. எதிரே உலகச் சாம்பியன் காஸ்பரோவ். அவர் குதிரையை எடுத்து சி5 கட்டத்தில் வைத்தார்; விரல் காயை விட்டது; உடனே மனம் மாறி எடுத்து எஃப்8இல் வைத்தார். கையை விட்டால் நகர்த்தல் முடிந்தது என்பது நம் தெருமுனைப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ஜூடித் நடுவரைத் திரும்பிப் பார்த்தார். நடுவர் வாய் திறக்கவில்லை. ஜூடித்தும் புகார் சொல்லாமல் ஆடித் தோற்றார். உலகச் சாம்பியன்மேல் குற்றம் சொல்லி, நிரூபிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற தயக்கம். விரல் கால் நொடி விலகியிருந்ததை ஸ்பானிஷ் தொலைக்காட்சியின் பதிவு பின்னர் காட்டியது. காயைத் தொட்ட விவகாரத்துக்கே, உலகின் மிகப் பலம் வாய்ந்த பெண்ணுக்கே இவ்வளவு தயக்கம் என்றால், மாவட்டப் போட்டியில் ஒரு மூத்த பயிற்சியாளரைப் பற்றி ஒரு சிறுமி எப்படி வாய் திறப்பாள்? யாரிடம் சொல்வது என்பது முன்கூட்டியே அச்சாகியிருந்தால் ஒழிய அவள் திறக்க மாட்டாள். (2002இல் மாஸ்கோவில் ஜூடித் காஸ்பரோவை வென்றார். மகிழ்ச்சிதான். முன்னதைப் பின்னது ஈடு செய்யாது.)

6. பணம்

சுருக்கமாகவே சொல்கிறேன். டொராண்டோ கேண்டிடேட்ஸில் ஆண்களும் பெண்களும் ஒரே அரங்கில், ஒரே நாட்களில் ஆடினார்கள். ஓபன் பிரிவின் பரிசுத் தொகை 5 லட்சம் யூரோ, பெண்களுடையது 2.5 லட்சம். 2025இல் படூமியில் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற திவ்யாவுக்கு 50,000 டாலர். அதே ஆண்டு கோவாவில் ஓபன் உலகக் கோப்பைக்கு முதல் பரிசு 1,20,000 டாலர். பார்வையாளரும் புரவலரும் குறைவு என்பார்கள். 2024இல் நார்வே செஸ் போட்டி பெண்கள் பிரிவைத் தொடங்கும்போதே இரு பிரிவுக்கும் சமமான பரிசுத் தொகை என்று அறிவித்தது. புரவலர் யாரும் ஓடிவிடவில்லை. வைஷாலியும் ஹம்பியும் அங்கே ஆடினார்கள். அறிவித்ததால் நடந்தது.

7. மாமல்லபுரம்

2022 ஒலிம்பியாட் நம் கடற்கரையில் நடந்தது. பெண்கள் பிரிவில் இந்தியா முதன்முதலாகப் பதக்கம் பெற்றது அங்கேதான். வெண்கலம். அந்த அணியில் ஆடிய ஹரிகா துரோணவல்லி அப்போது நிறைமாத கர்ப்பிணி. ஒலிம்பியாட் முடிந்து சில வாரங்களில் குழந்தை பிறந்தது. ஹம்பி 2017இல் தாயானார். இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் வந்து 2019இலும், மறுபடி 2024இலும் உலக ரேபிட் பட்டம் வென்றார். இரண்டையும் நாம் தியாகம், மன உறுதி என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மன உறுதியை அவர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். அமைப்பு என்ன கொண்டுவந்தது என்பதுதான் நம் கேள்வி. கைக்குழந்தையோடு வரும் ஆட்டக்காரருக்குத் துணையாக ஒருவரை அழைத்துவர உதவும் திட்டத்தை ஃபிடே அண்மையில் தொடங்கியிருக்கிறது. மாநில, மாவட்ட அளவிலும் அது வர வேண்டும்.

8. பிராஸ்பெக்டஸ்

நம் ஊர் ரேட்டிங் போட்டியின் பிராஸ்பெக்டஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெரிய பரிசுகள். கீழே சிறிய எழுத்தில் ‘சிறந்த பெண்’ என்று ஒரு வரி. அதே கட்டத்தில் மூத்த குடிமக்கள், எட்டு வயதுக்குட்பட்டோர். கல்யாண மண்டபத்திலோ பள்ளியிலோ அரங்கு. ஐந்நூறு பேர் ஆடும் இடத்தில் பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்பது எழுதப்பட்டிருக்காது. இரவு எட்டு மணிக்கு மேல் கடைசி ரவுண்டு முடியும். வெளியூரிலிருந்து வந்த தாயும் மகளும் எங்கே தங்குவார்கள் என்பது எழுதப்பட்டிருக்காது. நடுவர் பட்டியலில் பெண் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். புகார் என்ற சொல்லின் பக்கத்தில் ஆட்டத் தகராறுக்கான மேல்முறையீட்டுக் கட்டணம் மட்டும் இருக்கும். பதினைந்து வயதில் பெண் பிள்ளை ஆட்டத்தை நிறுத்துவதற்கான காரணங்களில் பாதி இந்த ஒரு தாளில் இருக்கிறது.

இவற்றை மாற்ற ஃபிடே கூட வேண்டியதில்லை, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. கடைசி ரவுண்டை மாலை ஆறுக்குள் முடிக்கலாம். நடுவர்களில் இருவராவது பெண்களாக இருக்கலாம். பெண்களுக்கான பரிசை ஒரு வரியாக இல்லாமல் ஐந்தாறு இடங்களாகப் பிரித்து, முதன்மைப் பரிசோடு சேர்த்தே பெறலாம் என்று எழுதலாம். ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் எதைப் பற்றியும் சொல்வதற்கு, போட்டி அமைப்புக்கு வெளியே உள்ள ஒரு பெண்ணின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம். செலவென்று பார்த்தால் பரிசுத் தொகை ஒன்றுதான். மற்றவற்றுக்கு ஒரு மாலை உட்கார்ந்து யோசித்தால் போதும்.

இந்த அவையில் போட்டி நடத்துபவர்கள் சிலர் இருக்கிறீர்கள். கோடை விடுமுறைப் போட்டிகளுக்கான பிராஸ்பெக்டஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று தேநீர் இடைவேளையில் ஒருவர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அதைக் கொண்டுவாருங்கள். முன்வரிசையில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் கூட வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்தலாம். நான் இருக்கிறேன்.